காணேல்லை

புதுப் போத்தல் கைக்கு வந்ததும் முதல் வேலை
உள்ளே பஞ்சு அடைவது.
முப்பது குளிசை. பஞ்சு இல்லாவிட்டால்
எழுநூற்றைம்பதாம் நம்பர் பஸ்ஸில்
நெல்லியடி வரைக்கும்
என்னைப் பற்றியே கதைத்துக்கொண்டு வரும்.
பழைய பஞ்சைத்தான் திரும்பவும் போடுகிறேன்.
சாம்பல் நிறமாகிவிட்டது.

எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு
இதில் பதில் இல்லை.
டெங்கு வந்து பத்து நாள் கிடந்தபோது
என்னை ஒருவரும் கேட்கவில்லை.
நுளம்பைத்தான் ஏசினார்கள்.

கடை ஆஸ்பத்திரி வீதியில்.
ஃபோட்டோகொப்பி, லமினேட், அடையாள அட்டைப் படம்.
பகலில் போத்தல் டோனர்ப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.
ஏழு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி
ஆறிப்போன பிளேன்ரீயின் கடைசி மிடறோடு
ஒன்றை விழுங்குவேன்.
மெஷின் அப்போதும் சூடாக இருக்கும்.

மாதம் ஒருமுறை இராசமலர் அக்கா வருவா.
அதே படம், அதே மீசை,
மூக்கின் மேல் மடிப்பு விழுந்த வெள்ளைக் கோடு.
"கறுப்பைக் கொஞ்சம் கூட்டும் தம்பி,
போன முறை முகம் மங்கிப்போச்சு."
கூட்டுவேன். மீசை கூடும். முகம் கூடாது.
மேலே பெரிய எழுத்தில் ஒரு சொல்.
அதற்கு எவ்வளவு மை போகும் என்பது
எனக்கு மனப்பாடம்.

கிளினிக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், நம்பர்தான்.
டொக்டர் துவாரகா பேப்பரைப் பார்த்துவிட்டு
"இந்த முறையும் காணேல்லை" என்றா.
போன முறை நான் வேறு டொக்டரிடம் காட்டியிருந்தேன்,
அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதித் தந்தவர்.
"ஆரை?" என்று கேட்டுவிட்டேன்.
அவ சிரிக்கவில்லை.
"வைரசை. உங்கட இரத்தத்தில
மெஷின் தேடிப் பார்த்திருக்கு. காணேல்லை."

அந்தச் சொல்லை
இப்படியும் ஒருவருக்குச் சொல்லலாம் என்று
எனக்குத் தெரியாது.

"அப்ப போட்டுதோ?"
"இல்லை, எங்கயோ ஒளிச்சிருக்கு.
குளிசையை நிப்பாட்டினா திரும்பி வரும்.
விடாமல் போட்டு இப்பிடியே வைச்சிருந்தா
உங்களிட்ட இருந்து உங்கட மனுசிக்குப் போகாது."
இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.
"போகாது" என்றா.

சுபோதினி குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
அவளுக்குத் தெரியாமல் இல்லை.
அவளுடைய இரத்தத்தையும் இரண்டு தரம் எடுத்தார்கள், அதில் இல்லை.
ஒன்றரை வருடமாக வீட்டில் பாய் இரண்டு.
கடதாசியை நீட்டினேன்.
"கை ஈரம், வாசியுங்கோவன்."
வாசித்தேன்.
பூனை ஒரு விளைமீன் தலையை
இழுத்துக்கொண்டு ஓடியது.
அவள் துரத்தவில்லை.

இரவு ஒரு பாயைச் சுருட்டி
அலுமாரிக்கு மேல் போட்டாள்.
தூசி விழுந்து
இரண்டு பேரும் தும்மினோம்.

போன வெள்ளி அக்கா வரும்போது ஏழு தாண்டிவிட்டது.
படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துவிட்டு
டோனர்ப் பெட்டியை எடுக்கப்போக
போத்தல் உருண்டு விழுந்தது.
அன்றைக்குத்தான் எடுத்தது, பஞ்சு அடையவில்லை.
கடை முழுக்கச் சத்தம்.

"மருந்தே?"
"ஓம்."
பதினாறு வருடமாக
கண்டவனெல்லாம் கேள்வி கேட்ட மனுசி,
எதுக்கு என்று கேட்கவில்லை.
"நேரத்துக்குப் போடும்" என்று
தன்னுடைய தண்ணிப் போத்தலைத் தந்தா.
நான் அண்ணாந்து குடித்தேன், பழக்கம்.
அவ வாங்கி
வாய் வைத்துக் குடித்தா.

மெஷினின் வெளிச்சம் போய்த் திரும்பியது.
முதல் தாளைத் தூக்கிக் காட்டினேன்.
"கறுப்பு இவ்வளவு காணுமே அக்கா?"

"காணாது தம்பி.
இன்னும் கொஞ்சம் கூட்டும்."